'இன்ஃபீல்ட் ஃப்ளை' அறிவித்த பிறகு ரன்னர்களைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: இளையோர் பேஸ்பால் ஆட்டங்களில் பேஸ் அம்பயராக நிற்கிறேன், இந்த வேலைக்குப் புதியவன். ஒரு அவுட். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ரன்னர்கள். பேட்டர் பந்தை உயரமாகத் தூக்கிவிட்டார். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) அதற்கு அடியில் வந்து நின்றார். நான் தயங்கி, பந்து அவர் தலைக்குச் சற்று மேலே வந்தபோதுதான் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' என்றேன். அவர் பிடிக்கவில்லை, பந்து காலடியில் விழுந்தது. ரன்னர்கள் இருவரும் ஓடினார்கள். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து மூன்றாம் பேஸுக்கு எறிந்தார், அங்கே பேஸை மிதித்தார்கள். அங்கிருந்து இரண்டாம் பேஸுக்குப் பந்து போனது, அங்கும் மிதித்தார்கள். ரன்னர்களை யாரும் பந்தால் தொடவில்லை. ஃபீல்டிங் அணியின் கோச் 'அறிவிப்பு தாமதம், அதனால் செல்லாது. டபுள் பிளே, இரண்டு ரன்னரும் அவுட்' என்றார். பேட்டிங் கோச் 'என் ஆட்கள் ஓடிப் போன இடத்திலேயே நிற்கட்டும்' என்றார். நான் பேட்டர் மட்டும் அவுட் என்று சொல்லி, ரன்னர்களைப் பழைய பேஸுக்கே அனுப்பினேன். இருவருமே கோபித்துக்கொண்டார்கள். நான் செய்தது சரியா?

பதில்: பாதி சரி. பேட்டர் அவுட் என்றது சரி. ரன்னர்களைத் திருப்பி அனுப்பியது தவறு. இரண்டு அவுட், ரன்னர்கள் இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் என்று ஆட்டம் தொடர்ந்திருக்க வேண்டும். அன்று பேட்டிங் கோச் சொன்னதுதான் விதி.

காரணம் எளிது. இரண்டு அவுட்டுக்கு முன், முதல் இரண்டு பேஸிலோ மூன்றிலுமோ ஆள் இருக்கும்போது, இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய உயரமான ஃபேர் பந்து (கோட்டுக்குள் இருக்கும் பந்து) எழுந்தால், அவர் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட்; அதுதான் இன்ஃபீல்ட் ஃப்ளை. அறிவிப்பு வந்ததுமே பேட்டர் அவுட். அவர் முதல் பேஸுக்கு ஓட வேண்டியதில்லை என்றால், அங்கே நிற்பவர் இடம் விட வேண்டிய கட்டாயமும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பவருக்கும் இல்லை. அந்தக் கட்டாயத்துக்குப் பெயர்தான் 'ஃபோர்ஸ்'; அது போய்விட்டது. ஃபோர்ஸ் இல்லாத இடத்தில் பந்தோடு பேஸை எத்தனை முறை மிதித்தாலும் யாரும் அவுட் ஆக மாட்டார்கள். ரன்னரைப் பந்தால் தொட வேண்டும். மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ப்ளேட்டிலும் இதே நிலைதான். கேட்சர் ப்ளேட்டை மிதித்துவிட்டுக் கையைத் தூக்கிக் கொண்டாடுவார், ரன்னர் அவர் காலுக்கு அருகில் சறுக்கி ரன் எடுத்திருப்பார். கொண்டாட்டத்தைப் பார்த்து நீங்களும் கை தூக்கிவிடாதீர்கள்.

பேட்டர் அவுட் என்றாலும் பந்து உயிரோடுதான் இருக்கிறது, அதாவது ஆட்டம் நிற்கவில்லை. ரன்னர்கள் நிற்கலாம், ஓடவும் செய்யலாம். ஓடினால் ஆபத்து அவர்களுடையது. பந்தை ஃபீல்டர் பிடித்துவிட்டால், எந்த உயரப் பந்துக்கும் போலவே ரன்னர் தன் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பிடிக்காமல் தரையில் விழுந்தால் திரும்பித் தொட வேண்டியதில்லை. 'பேட்டர் அவுட் ஆயிற்றே, ரன்னர் திரும்பித் தொட வேண்டாமா' என்று கோச்கள் கேட்கிறார்கள். வேண்டாம். பேட்டர் அவுட் ஆனது விதியால். யாரும் பந்தைப் பிடிக்கவில்லை.

நீங்கள் ரன்னர்களைத் திருப்பி அனுப்பியதற்கு அனேகமாகப் பக்கத்து விதிதான் காரணம். முதல் பேஸில் ரன்னர் இருந்து, இரண்டு அவுட் ஆகாத நிலையில், இன்ஃபீல்டர் கைக்கு வந்த ஃபேர் பந்தை வேண்டுமென்றே தவறவிட்டால் பேட்டர் அவுட், பந்து செத்தது, ரன்னர்கள் திரும்ப வேண்டும். இது மேஜர் லீக் விதிநூலில் 5.09-இன் ஏ பிரிவில் 12-ஆவதாக இருக்கிறது. இன்ஃபீல்ட் ஃப்ளையால் பேட்டர் அவுட் என்பது அதே ஏ பிரிவில் 5-ஆவது. இரண்டும் ஒரே தந்திரத்தைத் தடுக்கப் பிறந்தவை: பந்தைக் கீழே விட்டு, பேஸை விட்டு நகர முடியாமல் நிற்கும் ரன்னர்களை மலிவாக டபுள் பிளேயில் மாட்டுவது. ஆனால் ஒன்றில் பந்து சாகிறது, மற்றதில் சாவதில்லை. இன்ஃபீல்ட் ஃப்ளை அறிவித்த பந்தை ஃபீல்டர் வேண்டுமென்றே தவறவிட்டால்கூட ஆட்டம் நிற்காது. அந்த இடத்தில் இன்ஃபீல்ட் ஃப்ளை விதிக்குத்தான் முன்னுரிமை.

புத்தகத்தில் தேடியும் உங்களுக்கு இது தெளிவாகாமல் போயிருந்தால் குறை உங்களுடையதல்ல. பேட்டர் எப்போது அவுட் என்ற பட்டியலில் ஒரு வரிதான் இருக்கும். எந்தப் பந்து இன்ஃபீல்ட் ஃப்ளை, எப்போது அறிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் நூலின் கடைசியில் சொற்பொருள் பகுதியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். 2015-இல் நூலை மறுபடி அடுக்கி எல்லா எண்களையும் மாற்றினார்கள். அதனால் இன்றும் பழைய 6.05 என்ற எண்ணைச் சொல்லிச் சண்டை பிடிக்கும் கோச்களைக் காணலாம். ஆட்டத்தை நடத்துபவன் அவசரத்தில் புரட்டிப் பார்க்கும் புத்தகம் என்ற நினைப்பே இல்லாமல் செய்த வேலை.

இனி தாமதத்துக்கு வருவோம். தாமதமான அறிவிப்பும் அறிவிப்புதான். 'செல்லாது' என்று சொல்ல விதியில் இடமில்லை. இது ஃபீல்டிங் அணி கேட்டுப் பெறும் அப்பீலும் அல்ல. இன்ஃபீல்ட் ஃப்ளை என்பது தெளிவானதும் உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது விதி. மட்டையில் பட்ட கணத்தில் அது தெளிவாகாது. பந்து உச்சிக்குப் போய்க் கீழே திரும்பத் தொடங்கும்போது தெளிவாகும். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நீங்கள் அதைத் தாண்டி ஓரிரு நொடி விட்டுவிட்டீர்கள்.

மேஜர் லீக்கிலேயே இது நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 5, அட்லாண்டா பிரேவ்ஸ் - செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வைல்ட் கார்டு ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். ஒரு அவுட், முதல் இரண்டு பேஸிலும் ஆள். பந்து லெஃப்ட் ஃபீல்ட் புல்லுக்குள் போனது. ஷார்ட்ஸ்டாப் பின்னோக்கி ஓடி வந்து, கடைசியில் விலகிக்கொண்டார். லெஃப்ட் ஃபீல்ட் அம்பயர் சாம் ஹோல்புரூக் பந்து விழப்போகும் வேளையில் கை தூக்கினார். ரசிகர்கள் குப்பையை எறிய, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. பிரேவ்ஸ் முறையீடு செய்தார்கள், தள்ளுபடி ஆனது. அது மதிப்பீட்டுத் தீர்ப்பு, அதில் முறையீடு எடுபடாது. அந்த ஆட்டத்தில் பேட்டர் அவுட், ஆனால் ரன்னர்கள் முன்னேறிய இரண்டாம், மூன்றாம் பேஸிலேயே நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

எதைப் பார்த்து முடிவு செய்வது? பந்தைப் பார்க்காதீர்கள். ஃபீல்டரின் கால்களைப் பாருங்கள். அவர் ஓட்டத்தைக் குறைத்து, உடலை ஹோம் ப்ளேட் பக்கம் திருப்பி, குறுகிய அடி எடுத்து வைத்தால் பந்து அவர் வசம் வந்துவிட்டது. முதுகைக் காட்டி ஓடுகிறார், கையை நீட்டிப் பாய்கிறார் என்றால் இல்லை. விதி கேட்பது 'சாதாரண முயற்சி'. அந்த லீக் மட்டத்தில் அந்த இடத்தில் ஆடும் சராசரித் திறமைக்காரர் எடுக்க வேண்டிய முயற்சி என்று அதற்குப் பொருள். மைதானத்தின் நிலையையும் வானிலையையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும். பத்து வயதுப் பையன்கள் பலமான காற்றில் ஆடினால், பெரியவர்களுக்குச் சுலபமான பந்து அங்கே இன்ஃபீல்ட் ஃப்ளை ஆகாது. மண் பகுதியைத் தாண்டிப் புல்லில் விழுந்தால் இன்ஃபீல்ட் ஃப்ளை இல்லை என்பது கட்டுக்கதை. புல்லையோ கோட்டையோ எல்லையாக வைக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. பிட்சர், கேட்சர், இன்ஃபீல்டுக்குள் வந்து நிற்கும் அவுட்ஃபீல்டர் எல்லோரும் இதில் இன்ஃபீல்டர்களே. லைன் டிரைவும் (தாழ்வாக நேரே பாயும் பந்து) பன்ட் முயற்சியும் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) இதில் சேராது.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பந்து முதல் பேஸ் கோட்டுக்கோ மூன்றாம் பேஸ் கோட்டுக்கோ அருகில் எழுந்தால், 'இன்ஃபீல்ட் ஃப்ளை, இஃப் ஃபேர்' என்றுதான் சொல்ல வேண்டும். வெறுமனே 'இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட்' என்று கத்திவிட்டால், பந்து ஃபவுல் ஆகும்போது சொன்னதைத் திரும்பப் பெற வேண்டி வரும். உயரத் தூக்கிய பந்து கடுமையாகச் சுழலும். விழுந்ததும் நேராக நிற்காது. மூன்றாம் பேஸ் கோட்டுக்கு உள்ளே, ஹோமுக்கும் பேஸுக்கும் நடுவே, யாரும் தொடாமல் விழுகிறது. சுழன்று கோட்டைத் தாண்டி வெளியே போய் நிற்கிறது. அது ஃபவுல். பேட்டர் அவுட் இல்லை, திரும்ப வந்து ஆடுவார், ரன்னர்களும் திரும்புவார்கள். அதே பந்து கோட்டுக்கு வெளியே யாரும் தொடாமல் விழுந்து, மூன்றாம் பேஸைக் கடக்கும் முன் உள்ளே துள்ளி வந்து நின்றால் ஃபேர். பேட்டர் அவுட், பந்து உயிரோடு இருக்கிறது. ஃபீல்டர் கோட்டுக்கு உள்பக்கம் பந்தைத் தொட்டுத் தவறவிட்டு, அது வெளியே உருண்டால் ஃபேர்தான். தொட்ட கணத்தில் பந்து எங்கே இருந்தது என்பதே கணக்கு. ஃபீல்டரின் கால் எந்தப் பக்கம் என்பது கணக்கில் வராது. இதற்குப் ப்ளேட் அம்பயர் கோட்டின் மீதே நிற்க வேண்டும். பந்து தீர்மானமாகும் முன் அவர் 'ஃபவுல்' என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சொல் வெளியே வந்துவிட்டால் பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம்.

ரன்னர் குறுக்கிட்டால் என்ன, ரன்னர் மீது பந்து பட்டால் என்ன என்பதெல்லாம் உங்கள் சம்பவத்தில் இல்லை. இப்போது தொட வேண்டாம்.

உங்களைத் தடுமாற வைத்தது கோச்களின் சத்தம் என்று தோன்றுகிறது. அவர்கள் கேட்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியுமா' என்பது உங்கள் மதிப்பீடு, விதி 8.02 அதை இறுதி என்கிறது, யாரும் வாதாட முடியாது. 'ரன்னரை ஏன் திருப்பினீர்கள்' என்பது விதிக் கேள்வி. அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். முதல் கேள்வியை இரண்டாவது போல வேடமிட்டுக் கேட்பதில் சிலர் கைதேர்ந்தவர்கள். கையில் அச்சடித்த ஒரு தாளோடு வருவார்கள். பாதி நேரம் அது வேறொரு விதிநூலின் பக்கமாக இருக்கும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு நூல், கல்லூரிகளுக்கு ஒன்று, மேஜர் லீக்குக்கு ஒன்று. உங்கள் தொடர் எதைப் பின்பற்றுகிறது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். 'எங்கள் வழக்கம்' என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஆட்டங்களுக்கு அம்பயர் அனுப்பும் இடைத்தரகர்களிடமும் எச்சரிக்கை தேவை. இரண்டு பேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை அனுப்புவது, மைதானத்துக்கு வந்த பிறகு 'இன்னொருவர் வரவில்லை, சமாளியுங்கள்' என்பது, நாலு மணி நேர வகுப்புக்குச் சான்றிதழ் விற்பது, கூடவே பிழை மலிந்த விதி அட்டையைத் தலையில் கட்டுவது. மேஜர் லீக் தன் விதிநூலை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. அட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். எத்தனை அம்பயர், எந்த விதிநூல், எவ்வளவு கூலி என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தொடர் நடத்துபவர்களுக்குக் கோப்பை வாங்க நேரம் இருக்கிறது, இந்த மூன்று வரியை அனுப்ப நேரமில்லை.

அடுத்த ஆட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். இரண்டு அவுட்டுக்கு முன், முதல் இரண்டு பேஸிலோ மூன்றிலுமோ ஆள் வந்ததும், பந்து வீசும் முன் சக அம்பயரைப் பார்த்துச் சைகை காட்டுங்கள். தொப்பி விளிம்பைத் தொடுவது வழக்கம். அவரும் பதில் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த பந்துக்கு முன் மறுபடி காட்டுங்கள். பந்து எழுந்தால், உச்சி தாண்டியதும், வலக்கையை நேரே தூக்கிச் சுட்டுவிரலால் வானத்தைக் காட்டி உரக்கச் சொல்லுங்கள். யார் முதலில் சொன்னாலும் மற்றவர் உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். பந்து கீழே விழுந்தால் 'டைம்' என்று கத்தாதீர்கள். எறிதல், ஓட்டம் எல்லாம் அடங்கட்டும். யாராவது பேஸை மிதித்தால் கைகளை அகல விரித்து 'நோ ஃபோர்ஸ்' என்று சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

இருவருமே சொல்ல மறந்துபோய், ஃபீல்டிங் அணி அதில் இரண்டு அவுட் எடுத்துவிட்டால்? ஆட்டம் அடங்கியதும் டைம் கேட்டு, கோச்களைத் தள்ளி நிற்கவைத்து, இரு அம்பயர்களும் தனியே பேசுங்கள். அது தெளிவான இன்ஃபீல்ட் ஃப்ளைதான் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் பேட்டரை அவுட் ஆக்கி, ஃபோர்ஸ் என்று நினைத்துக் கொடுத்த அவுட்டுகளை நீக்குங்கள். மாற்றிய தீர்ப்பின் விளைவுகளைச் சரிசெய்ய 8.02-இன் சி பிரிவு அம்பயர்களுக்கு அதிகாரம் தருகிறது. முடிவை இரண்டு கோச்களையும் ஒன்றாகக் கூப்பிட்டு, இரண்டு வாக்கியத்தில், ப்ளேட் அம்பயர் சொல்லட்டும். தனித்தனியே சொன்னால் இரண்டு கதை ஆகிவிடும். இதெல்லாம் அடுத்த பந்து வீசப்படும் முன் முடிய வேண்டும்.

அன்றைய ஆட்டத்தில் அடுத்த பேட்டருக்குப் பந்து வீசியாகிவிட்டது. இனி அதைத் திறக்காதீர்கள். அந்தத் தொடரில் முறையீட்டுக்கு இடம் இருந்து, பேட்டிங் கோச் நேரத்துக்குள் முறையிட்டிருந்தால் அமைப்பாளர் பார்த்துக்கொள்வார்; கேட்டால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். மேஜர் லீக்கில் 2020-இலிருந்து முறையீடே கிடையாது, ஆனால் சில உள்ளூர்த் தொடர்களில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.