களிமண் மானின் வயிற்றை ஏன் குடைய வேண்டும்?

களிமண் பயிலரங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: ஆசையாகச் செய்த விலங்கை இரண்டாக அறுத்து உள்ளே குடையச் சொல்வது ஏன்?

குடைதல் என்றால், உருவம் சற்று இறுகியதும் கம்பியால் அறுத்து, உள்மண்ணை வழித்தெடுத்து, சுவரை ஏறக்குறைய ஒரு விரல் தடிப்புக்குக் கொண்டுவந்து, களிக்குழம்பு பூசி மீண்டும் ஒட்டுவது. காரணம் ஈரம். தடித்த மண் வெளியே காய்ந்தாலும் நடுவில் நீர் தங்கிவிடும். சூளையில் வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அது நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிய இடம் தேடும். கீறாமல் நெருப்பில் போட்ட பலாக்கொட்டை ‘படார்’ என்று வெடிப்பதும் இப்படித்தான். திருகோணமலையில் மார்கழி மழைக்காலம் என்றால் காய்வதற்கு இன்னும் நாளாகும்.

குடைந்தால் உயிர்ப்புப் போய்விடுமா? போகாது. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைச் சற்று நின்று பாருங்கள். சத்தம் கேட்டதும் கழுத்து நிமிரும், காது திரும்பும், உடல் பாய்வதற்கு இறுகும். அந்த அசைவைப் பிடித்தால் மான் வந்துவிடும். புள்ளிகளை எண்ணி ஒட்டுவது வீண் வேலை என்பேன். மெல்லிய கால்கள் ஈரமண்ணில் பாரம் தாங்காது. ஆகவே முதலில் படுத்திருக்கும் மானைச் செய்யுங்கள்.

காற்றுக் குமிழிதான் வெடிக்கச் செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் குற்றவாளி ஈரமே, குடைந்த வயிற்றில் ஊசித் துளை விடுவதும் அந்த ஆவி வெளியேறத்தான்.