கச்சத்தீவு பற்றிய கலந்துரையாடலுக்கு எப்படித் தயாராவது?
"ராமநாதபுரம் கல்லூரியில் எங்கள் அரசியல் அறிவியல் துறை கச்சத்தீவு பற்றிக் கலந்துரையாடல் நடத்துகிறது, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேடைப் பேச்சுகளை ஓரமாக வைத்துவிட்டு, கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்து இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தத்தை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். சில பக்கங்கள்தான். 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 'மீன்பிடிக்கலாம்' என்ற சொல் அதில் கிடையாது. விவாதம் தடம் புரள்வது இங்கேதான். 6-ஆம் பிரிவு இரு நாட்டுப் படகுகளின் பாரம்பரிய உரிமையைப் பேசுகிறது. அடுத்த நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதைத் தடுத்தவை 1976 மார்ச்சில் வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். 1974 ஒப்பந்தத்தையும் 1976 கடிதங்களையும் யாராவது ஒன்றாக்கிப் பேசினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர் இருவரையும் அழையுங்கள். கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்கும் நாளில் விசைப்படகுக்காரர் வரமாட்டார். தேதியைப் பார்த்து வையுங்கள். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடலடியை வாரிக்கொண்டு போகும், வழியில் கிடக்கும் சிறு வலைகளையும் அறுக்கும். இலங்கை 2017-இல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் குறையும் இதுதான். அதைப் பேசாமல் இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைக் கைது செய்வதை மட்டும் பேசுவது நம் மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பேச்சாளருக்கு 10 நிமிடம் போதும், கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் விடுங்கள்.