வெட்டுப்பட்ட பூச்சியும் அழுத பாட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தை அண்மையில் மகளுடன் பார்த்தேன். சூனியக்காரி தன் குரங்குப் படையை ஏவும்போது, டோரதியும் நண்பர்களும் எதிர்த்துச் சண்டையிடாதபடி ஒரு சிறு பூச்சியை முன்னரே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறாள். படம் முடியும்வரை அந்தப் பூச்சி வரவேயில்லை. மகள் கேட்டபோது என்னிடம் பதிலும் இல்லை. டோரதியாக ஜூடி கார்லண்ட் நடித்த காட்சிகள் பல வெட்டப்பட்டனவாமே? அவை எங்காவது பார்க்கக் கிடைக்குமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்தப் பூச்சியின் பெயர் ஜிட்டர்பக். அது கடித்தால் டோரதியும் நண்பர்களும் நிறுத்த முடியாமல் ஆடி ஆடிக் களைத்துப்போவார்கள், குரங்குகள் வந்து எளிதாகத் தூக்கிச் செல்லும் என்பது காட்சி. அதை எடுக்க ஐந்து வாரமும் சுமார் 80,000 டாலரும் செலவாயின என்பார்கள். 1939இல் நடந்த முன்னோட்டக் காட்சிகளின்போது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடிய படத்தை 101 நிமிடமாகக் குறைத்தபோது பாட்டும் ஆட்டமும் முழுதாகப் போயின. சூனியக்காரியின் வசனத்தை மட்டும் நீக்காமல் விட்டுவிட்டார்கள். உங்கள் மகள் பிடித்தது அந்த மிச்சத்தைத்தான்.

அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஜிட்டர்பக் அன்றைய அமெரிக்க இளைஞர்களின் ஆட்டமோகம். இருந்திருந்தால், எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத அந்தக் கதையின் நெற்றியில் 1939 என்று எழுதி ஒட்டியதுபோல் ஆகியிருக்கும்.

வருந்த வேண்டியது வேறொரு வெட்டுக்கு. டோரதியைக் கோட்டையில் அடைத்து மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சூனியக்காரி போகிறாள் அல்லவா? அங்கே, தன் ஊரான கான்சாஸின் பண்ணையில் பாடிய ‘ஓவர் தி ரெயின்போ’வை டோரதி மீண்டும் பாடத் தொடங்கி, முடிக்க இயலாமல் விம்மி உடைந்து, எம் என்ற தன் அத்தையை அழைத்துப் பயமாக இருக்கிறது என்று கதறும் காட்சி ஒன்று படமாக்கப்பட்டிருந்தது. துயரம் மிகுதி என்று அதை நீக்கினார்கள். ஒலி மட்டும் தப்பியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள்: பதினாறு வயதுப் பெண்ணின் குரல் ஒவ்வொரு வரியிலும் சிறிது சிறிதாகத் தளர்ந்து, கடைசியில் பாட்டு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. முதல் முறை ஏக்கமாக ஒலித்த பாட்டு இங்கே அச்சமாக மாறுவதால், இது இருந்திருந்தால் வீடு திரும்பும் முடிவுக்கு இன்னும் கனம் கூடியிருக்கும் என்பது என் எண்ணம். (பண்ணையில் வரும் மூலப் பாட்டையே நீக்கச் சொன்னவர்களும் படத்தை எடுத்த ஸ்டூடியோவில் இருந்தார்கள், பிறகு அதுவே ஆஸ்கர் வாங்கியது.)

ஏன் பாதுகாக்கவில்லை என்றால், திரையரங்கை விட்டிறங்கிய படத்துக்கு மறுவாழ்வு உண்டென்று அன்று பலரும் கணக்கிடவில்லை. இந்தப் படமே தொலைக்காட்சிக்கு வந்தது 1956இல்தான். இதில் சோளக்கொல்லைப் பொம்மையாக வரும் ரே போல்ஜரின் நீண்ட நடனம் எப்படியோ தப்பி, 1985இல் ஒரு நடனத் தொகுப்புப் படத்தில் வெளிவந்தது. சாப்ளின் கதை வேறு. ‘தி கிட்’ படத்தை அவர் 1971இல் மறுபடி வெட்டியபோது போனவை தாயாக நடித்த எட்னா பர்வியன்ஸின் காட்சிகள்; தன் படங்களுக்குத் தானே உரிமையாளராக இருந்து சுருள்களைக் காத்து வைத்ததால், அவற்றை இன்றும் பார்க்க முடிகிறது.

நான் சொன்ன இரண்டு வெட்டுகளில், ஜிட்டர்பக் ஒத்திகையை இசையமைப்பாளர் ஹெரால்ட் ஆர்லன் தன் சொந்தக் கேமராவில் பிடித்த துண்டுப்படம், பாட்டின் ஒலிப்பதிவோடு சேர்த்து டிவிடியில் வந்திருக்கிறது. 1995இல் வெளியான விரிவான இசைத்தொகுப்பில் கோட்டைப் பாட்டும் இருக்கிறது. மகள் சிறியவளென்றால் அதை நீங்கள் மட்டும் கேளுங்கள். ஜிட்டர்பக்கை இருவருமாகப் பார்க்கலாம்.