ஒன்பது மணி விண்மீன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் ஆர்.ஆர். லைரே விண்மீனைப் பதினெட்டு இரவுகள் மொட்டைமாடியிலிருந்து படமெடுத்தேன். ஒழுங்கு குலையக்கூடாது என்று தினமும் சரியாக ஒன்பது மணிக்கே எடுத்தேன். கணினி தந்த துடிப்புக் காலம் 4.24 நாள். அட்டவணையோ 0.567 நாள் என்கிறது. அட்டவணை தவறாக இருக்குமா? எந்த மென்பொருள் நல்லது? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அம்மாவின் பெயரை வைக்கலாமா? வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

மென்பொருள் எதுவானாலும் சரி. பெயர் வைக்க முடியாது. ஒளி மாறும் விண்மீன்களுக்கு அவை இருக்கும் விண்மீன் மண்டலத்தின் பெயரோடு எழுத்துகள்தாம். அந்த 334 எழுத்துப் பெயர்களும் தீர்ந்தால் வி335 என்று எண் தொடங்கிவிடும். அம்மாவுக்குப் புடவை வாங்கிக் கொடுங்கள்.

அட்டவணையும் சரிதான். உங்கள் ஒன்பது மணிதான் தவறு.

0.567 நாள் என்றால் 13 மணி 36 நிமிடம். மறுநாள் நீங்கள் மாடியேறும்போது அது ஒரு துடிப்பை முடித்து, அடுத்ததில் முக்கால் பங்கைத் தாண்டி நிற்கிறது. உங்கள் கண்ணுக்கு அது கால் பங்கு பின்வாங்கியதாகத் தெரியும். தினமும் அப்படியே பின்வாங்கினால் நாலேகால் நாளில் ஒரு சுற்று! சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழலுமே, அந்தக் கதைதான். உங்கள் வரைபடத்தில் ஒளி மெல்ல ஏறிச் சட்டென்று விழுகிறது. ஆர்.ஆர். லைரே சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் விண்மீன். படம் தலைகீழாக ஓடியிருக்கிறது என்று அதுவே கத்துகிறது. அதைப் பார்த்த பிறகும் அட்டவணை மேல் சந்தேகமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். முக்கூடலில் எனக்கு ஓர் அத்தை இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மட்டும் போவோம். தலைவாரிப் பூ வைத்து, திண்ணையில் காலாட்டிக்கொண்டிருப்பார். வேலையே இல்லாத மகராசி என்று பத்து வயதுவரை நினைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை நண்பகலில் அம்மா கொடுத்தனுப்பிய தூக்குவாளியோடு தனியாகப் போனேன். மடியில் பீடித் தட்டு, சுற்றிலும் இலைத் துணுக்கு, தூள் நெடியில் இருமல். என்னைப் பார்த்ததும் தட்டை முந்தானையால் மூடினார். “இந்நேரத்துக்கு ஏன்டா வந்தே?” என்றார்.

பெரு நாட்டின் அரேக்கிப்பாவில் எடுத்த கண்ணாடி ஒளிப்படத் தகடுகளை வைத்து ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தின் மாறும் விண்மீன்களை 1902இல் பட்டியலிட்டார் வானியலாளர் சோலன் பெய்லி. பெரும்பாலானவை உங்கள் விண்மீனின் இனம், ஒரு நாளுக்குள் துடித்து முடிப்பவை. இரவின் வெவ்வேறு நேரங்களில் தகடு எடுக்காமல் அவற்றைப் பிடித்திருக்க முடியாது. ஒளி ஏறி இறங்கும் வடிவத்தை வைத்து அவர் இட்ட ஏ, பி, சி பிரிவுகளின் எழுத்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. விண்ணிலிருந்து விண்மீன்களின் ஒளியை அளக்கும் டெஸ் விண்கலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே திசையை ஏறத்தாழ 27 நாள் பார்க்கும், அதற்குப் பகல் கிடையாது. நமக்கு உண்டே!

இன்று இருட்டியதும் தொடங்குங்கள். உங்கள் விண்மீன் இருக்கும் யாழ் மண்டலம் மேற்கே இறங்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள், அப்போதுதான் விட்டுப்போன பகுதிகள் நிரம்பும். கொசுவத்தி இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். புது வரைபடத்தை அனுப்புங்கள், பழையதைக் கிழித்துவிடாதீர்கள்.