ஸ்லைடைப் படிக்கவா, உங்களைக் கேட்கவா?

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் எங்கள் பிரிவின் செயல்பாட்டைப் பற்றி மேலதிகாரிகள் முன்னால் பவர்பாயின்ட் காட்டிப் பேச வேண்டும். சென்ற முறை இரவெல்லாம் கண்விழித்து 42 ஸ்லைடுகள் தயாரித்தேன். பாதியில் எங்கள் மேலாளர், “இதை மெயிலில் அனுப்பியிருந்தால் நாங்களே படித்திருப்போமே” என்று சொல்லிவிட்டார். பவர்பாயின்ட்டே வீண் வேலை, வெறுமனே பேசினால் போதும் என்கிறார் சக ஊழியர் ஒருவர். நல்ல டெம்ப்ளேட்டும் அனிமேஷனும் சேர்த்தால் எடுபடும் என்கிறார் இன்னொருவர். மாதிரிக்கு மூன்று ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன். இந்த மென்பொருளால் உண்மையில் பயன் உண்டா? எப்படிப் பயன்படுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அத்தனை பேர் முன்னிலையில் அப்படிச் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும். இருந்தாலும் உங்கள் மேலாளர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்று ஸ்லைடுகளையும் இங்கே உட்கார்ந்தபடி படித்தேன். எல்லாம் புரிந்துவிட்டது. நீங்கள் வந்து விளக்க அவற்றில் எதுவும் மிச்சமில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மூன்று வேலைகளை ஒரே ஃபைலின் தலையில் சுமத்தியிருக்கிறீர்கள். பேசும்போது மறந்துவிடாமல் இருக்க உங்களுக்கு ஒரு குறிப்பு வேண்டும். எதிரே இருப்பவர்கள் பார்க்க ஒரு படம் வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் பிறகு படித்துக்கொள்ள ஓர் அறிக்கை வேண்டும். ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று எறிந்தீர்கள், ஒன்றுகூட விழவில்லை. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் உங்கள் 42 ஸ்லைடுகளில் பெரும்பாலானவை தாமாகவே கழன்றுவிடும்.

குறிப்புகளுக்கு ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் ‘நோட்ஸ்’ என்று தனி இடம் இருக்கிறது. அங்கே எழுதினால், பிரசென்டர் வியூவில் உங்கள் லேப்டாப்பில் மட்டும் அவை தெரியும். அடுத்து வரப்போகும் ஸ்லைடும், பேசத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். சபையில் தெரிவது வெறும் ஸ்லைடு மட்டுமே. பல வருடங்களாக பவர்பாயின்ட் பயன்படுத்துபவர்களில்கூட இதைத் தொடாதவர்கள் ஏராளம். அறிக்கையை வேர்டில் இரண்டு பக்கத்துக்கு எழுதி முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். கண்ணால் பார்த்தே ஆக வேண்டியவை மட்டும் திரைக்குப் போகட்டும்.

திரையில் இருப்பதையே வாயாலும் சொன்னால் நன்றாகப் பதியும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். வாய்விட்டுச் சொல்வதைவிட மனதுக்குள் படிப்பது வேகமானது. நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர்கள் கடைசி வரிக்குப் போய்விடுவார்கள், பிறகு உங்களுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருப்பவரின் கை செல்போனைத் தேடும். படிப்பது, கேட்பது இரண்டுமே மொழியைக் கையாளும் வேலை என்பதால் ஒன்றை ஒன்று இடறும். படத்தோடு பேச்சு மட்டும் சேரும்போது மனதில் தங்கும் அளவுக்கு, படம், பேச்சு, அதே பேச்சின் எழுத்து வடிவம் என மூன்றும் சேரும்போது தங்குவதில்லை என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் தன் ஆய்வுகளின் அடிப்படையில் சொல்லியிருக்கிறார்.

இந்த மென்பொருள் பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987-ல் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் மேகின்டோஷ் கணினிக்காக இதை உருவாக்கினார்கள். முதல் பதிப்பு கருப்பு வெள்ளை. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களை அச்சிடத்தான் அது பயன்பட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது. அதற்கு முன்பு நல்ல ஸ்லைடு வேண்டுமென்றால் வரைகலைக்காரரிடம் கொடுத்து, காசும் நாளும் செலவழித்து வாங்க வேண்டும். ஆகவே எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முதலிலேயே யோசித்தார்கள். பவர்பாயின்ட் அந்தச் செலவை ஒழித்தது. பேசுபவரே தன் கையால் தயாரிக்கலாம், கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்புகூடத் திருத்தலாம் என்பது பெரிய வசதி. கூடவே, தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. 43-வது ஸ்லைடைச் சேர்க்க ஒரு கிளிக் போதும் என்றால் யார்தான் சேர்க்காமல் இருப்பார்கள்?

இப்போது உங்கள் இரண்டாவது ஸ்லைடுக்கு வருகிறேன். தலைப்பு: ‘வாடிக்கையாளர் புகார்கள் – ஓர் ஆய்வு’. அதன் கீழே ஒன்பது புல்லட் வரிகள். முதல் வரி, ‘புகார்கள் பல வகைப்பட்டவை’. இதை யார் மறுக்கப் போகிறார்கள்? கடைசி வரியில், எழுத்து குறுகிப்போன இடத்தில், ‘டெலிவரி தாமதம் தொடர்பானவை 54%’ என்று இருக்கிறது. மாதம் முழுக்க நீங்கள் உழைத்துக் கண்டுபிடித்த செய்தி இது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்க் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

முக்கியமானது அடியில் புதைந்து போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது, வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து ஸ்லைடுகளாகத் தந்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, கவலைப்படத் தேவையில்லை என்ற தொனியில் இருந்தது. புல்லட்டுக்குள் புல்லட்டாக இறங்கிப் போனால், கடைசியில் ஒரு விவரம்: சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிடப்பட்டது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. சோதனையை வைத்து ஆறுதல் அடைய வழியே இல்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். பிப்ரவரி 1-ம் தேதி பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஒரு ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பவர்பாயின்ட் ஸ்லைடுகள் உட்கார்ந்துகொண்டதை விசாரணைக் குழு தன் அறிக்கையில் ஒரு குறையாகவே குறிப்பிட்டது. அந்த ஸ்லைடை வரி வரியாக அலசியவர் புள்ளியியல் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி.

உங்கள் ஸ்லைடைத் திருத்துவோம். ‘ஓர் ஆய்வு’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, ‘புகார்களில் பாதிக்கும் மேல் டெலிவரி தாமதத்தைப் பற்றியவை’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். வேறெதையும் படிக்காமல் வெளியே போகிறவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஒன்பது வரிகளும் அறிக்கைக்குப் போகட்டும். வலப்பக்கம் நீங்கள் வைத்திருக்கும் முப்பரிமாண பை சார்ட் எட்டுத் துண்டுகளாக, எட்டு நிறங்களில் இருக்கிறது. சாய்த்து வரைவதால் முன்னால் இருக்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஓரத்துப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கண் அலைய வேண்டும். பதிலாகப் படுக்கைவாட்டில் பார் சார்ட் போடுங்கள். நீளமானது மேலே, அடுத்தது அதன் கீழே. முதல் நான்கு வகைகள் போதும், மீதியெல்லாம் ‘மற்றவை’. டெலிவரி தாமதத்துக்கு மட்டும் அடர்ந்த நீலம், மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல். சதவீதத்தைப் பட்டையின் நுனியிலேயே எழுதிவிடுங்கள். சிவப்பு, பச்சையை மட்டும் நம்பி வேறுபடுத்த வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது ஸ்லைடில் வேறு வகைச் சிக்கல். ‘பணியாளர் பற்றாக்குறை’, ‘டெலிவரி தாமதம்’, ‘புகார்கள் அதிகரிப்பு’ என்று மூன்று புல்லட்கள். எதனால் எது? பணியாளர் குறைந்ததால் தாமதமா, அல்லது மூன்றுக்கும் வேறொரு காரணமா? புல்லட் வரிகளில் ‘ஆகவே’, ‘இருந்தாலும்’, ‘இதனால்தான்’ போன்ற சொற்கள் உதிர்ந்துவிடும். அவை உதிரும்போது சிந்தனையும் உதிர்கிறது, எழுதியவருக்கே அது தெரிவதில்லை. இந்த மென்பொருளின் மிகப் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். 2004-ல் அமேசான் நிறுவனத்தின் ஜெஃப் பெசோஸ் தன் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டைத் தடை செய்து, ஆறு பக்கத்துக்கு மிகாத உரைநடைக் குறிப்பைக் கொண்டுவந்ததும் இதனால்தான். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து அதைப் படித்த பிறகே பேச்சு. எல்லா நிறுவனங்களுக்கும் இது ஒத்துவராது. ஆறு பக்கம் ஒழுங்காக எழுதுவது 40 ஸ்லைடு தயாரிப்பதைவிடக் கடினம். நான் உங்களிடம் கேட்கும் இரண்டு பக்க அறிக்கையிலாவது முழு வாக்கியங்கள் இருக்கட்டும்.

அப்படியானால் வெறுமனே பேசச் சொன்ன நண்பர் சரியா? இல்லை. வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கத்தில், எந்தப் பொத்தானைத் தேடித் திணறுகிறார்கள் என்பதை எவ்வளவு வர்ணித்தாலும், அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றுக்கு ஈடாகாது. ஆறு மாத ஏற்ற இறக்கத்தை வாயால் சொன்னால் மூன்றாவது எண்ணிலேயே தொலைந்துவிடுவார்கள். ஒரு கோட்டு வரைபடம் நொடியில் சொல்லிவிடும். சிக்கலான ஒரு நடைமுறையைப் படிப்படியாகக் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு பகுதி தோன்றும்படி செய்யலாம். அனிமேஷனுக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை இது. எழுத்துகள் சுழன்று வந்து குதிப்பதெல்லாம் வேண்டாம். காது மந்தமானவர்களுக்கும், உங்கள் மொழி அவ்வளவு பழக்கமில்லாதவர்களுக்கும் பெயர்கள், எண்கள், கலைச்சொற்கள் திரையில் இருப்பது பேருதவி. மேடை நடுக்கம் உள்ளவர்களுக்கு அடுத்து என்ன என்று நினைவூட்டும் துணையும்கூட.

டெம்ப்ளேட் நண்பருக்கு ஒரே பதில்: அலங்காரம் கடைசி வேலை. தலைப்பைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே ஸ்லைடுகளைத் தயாரித்துத் தருகிறது இப்போது. நான் பார்த்தவரை, உங்கள் ஒன்பது புல்லட்களை இன்னும் அழகான பின்னணியில் திருப்பித் தரும்.

எத்தனை ஸ்லைடு என்று கேட்பீர்கள். கை கவாசாகி என்பவர் 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்ட் எழுத்து என்று ஒரு விதி சொன்னார். 2003-ல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி. ஆக 6 நிமிடம் 40 நொடியில் பேச்சு முடிந்துவிடும். இந்த எண்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அந்த 30 பாயின்ட் தவிர. எழுத்தைப் பெரிதாக வைத்தால் திணிக்க முடியாது. அதிலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரி பிடிக்கும். ஆகவே குறைத்துத்தான் எழுத வேண்டும். வரி இடைவெளியையும் சுருக்காதீர்கள், மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் தட்டச்சு செய்திருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்ததும் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் ஃபான்ட்களில் எழுதுங்கள்.

அடுத்த மாதத் தயாரிப்பை லேப்டாப்பைத் திறக்காமல் தொடங்குங்கள். இந்தக் கூட்டத்தின் முடிவில் என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று முதலில் மேலாளரிடமே கேளுங்கள். எந்த முடிவும் தேவையில்லை என்றால் அறிக்கை மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டக்கூடும். முடிவு தேவை என்றால், அதற்கு எதையெல்லாம் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். உங்கள் பிரிவின் வேலைக்கு ஐந்தாறு ஸ்லைடுகளுக்கு மேல் வராது என்று நினைக்கிறேன். மீதமுள்ள விவரங்களைத் தூக்கி எறிய மனம் வராவிட்டால் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது குறிப்பாகக் கேட்டால், அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி ‘என்டர்’ அழுத்தினால் நேராக அங்கே போய்விடும். எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

விவாதம் சூடுபிடித்து, எல்லோரும் உங்களைப் பார்த்துப் பேச வேண்டிய நேரம் வந்தால், கீபோர்டில் ‘பி’ எழுத்தைத் தட்டுங்கள். திரை கருப்பாகிவிடும். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலேயே திரும்பி வரும்.

கூட்ட அறைக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய் புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது. லேப்டாப்பில் பளிச்சென்று தெரியும் வெளிர் சாம்பல் கோடு சுவரில் விழும்போது காணாமல் போயிருக்கும். ஃபைலின் பிடிஎஃப் பிரதி ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். புகார் வரைபடத்தை மட்டும் தாளில் சில பிரதிகள் அச்சிட்டு எடுத்துப் போங்கள். புரொஜெக்டர் மக்கர் செய்தால், அதை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கிவிடலாம்.