ரிசர்வ் சைட் பூங்கா யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. ஊராட்சியில் கேட்டால், "நீங்களே சுத்தம் பண்ணிக்கோங்க" என்கிறார்கள். யார்தான் பார்க்க வேண்டும்? - வாசகி, அன்னூர்

பதில்: ஊராட்சிதாங்க பார்க்கணும். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக (இதைத்தான் ரிசர்வ் சைட் என்கிறோம்) ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று போட்டால் அந்தப் பத்திரம் தெரிந்துவிடும், நகல் எடுத்துக்கொண்டு ஜனவரி 26, மே 1 என்று வருகிற கிராம சபையில் மனு கொடுத்து, தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். நடக்கவில்லையா, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது.

அப்புறம், அதுவரை சும்மா இருக்காதீர்கள். பார்த்தீனியக் களைச்செடியைப் பூ விடுவதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள், கையுறை கட்டாயம், வெறுங்கையில் தொட்டால் சிலருக்கு அரித்துத் தடித்துவிடும். அங்கே ஊஞ்சல் இருந்தால் அதன் கொக்கியையும் பாருங்கள். எங்கள் தெருப் பூங்காவில் அது தேய்ந்து தேய்ந்து கம்பி மாதிரி ஆகியிருந்தது, பேரனைக் கூட்டி வந்த ஒரு அம்மாதான் கவனித்து, அன்றைக்கே பலகையைத் தூக்கிக் கட்டிவைத்தார்.