வாயைக் கட்டியும் எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 160 செ.மீ., எடை 92 கிலோ. இரண்டு வருடங்களுக்கு முன்பு அரைவயிறு சாப்பிட்டு, தினமும் நடந்து 14 கிலோ குறைத்தேன். அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. நடுராத்திரியில் பசி தாங்காமல் எழுந்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அழுதிருக்கிறேன். டாக்டர் இந்த உடல் பருமனை நோய் என்கிறார். வீட்டிலோ, ‘வாயைக் கட்டத் தெரியாததற்கு இப்படி ஒரு சாக்கா?’ என்கிறார்கள். எது உண்மை?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதுதான் உண்மை, சகோதரி. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் அளவு, கிட்டத்தட்ட 36. அது 30-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த நடுராத்திரிப் பசியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ‘கையிருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. எடை குறைந்ததும் லெப்டின் சரிகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி, உடல் செலவழிக்கும் சக்தியையும் சுருக்கிக்கொள்கிறது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், உங்களைப் போலவே பத்து வாரக் கடும் டயட்டில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களைக் கவனித்தார்கள். ஒரு வருடம் கழிந்தும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நீங்கள் நின்றபடி சாப்பிட்ட அந்த ராத்திரிகளில், மாதக்கணக்காகத் தணியாத பசியோடு தனியாகப் போராடியிருக்கிறீர்கள். இதையா வாயைக் கட்டத் தெரியாதது என்பது?

எடை ஏறியதற்குக் காரணம் ஒன்றாக இருக்காது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பிறந்ததுமே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்கள்கூட உடல்வாகில் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள். தூக்கக் குறைவு, ஓயாத மன அழுத்தம், தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் என்று இன்னும் பல உண்டு. எங்கு திரும்பினாலும் பாக்கெட் தீனி கைக்கு எட்டும் சூழலில், இப்படி எளிதில் எடை ஏறும் உடல்வாகு உள்ளவர்கள்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

நோய் என்று ஒப்புக்கொண்டால் சிகிச்சையும் நோய்க்குரிய மாதிரி நீண்ட காலத்துக்கு இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு யாரும் நிறுத்துவதில்லையே! எடையில் 5 சதவீதம், அதாவது உங்களுக்குச் சுமார் நாலரை கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். அதைத் தக்கவைப்பதுதான் கடினம். அதற்கு உணவும் நடையும் மட்டும் போதாதபோது மருந்துகள் இருக்கின்றன, தேவைப்படுவோருக்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

தயவுசெய்து இன்னொரு பட்டினி டயட்டில் இறங்காதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். தைராய்டு, சர்க்கரை பரிசோதனைகளைக் கேளுங்கள். தூக்கத்தில் குறட்டை உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காததை டாக்டர் வாயால் அவர்களும் கேட்கட்டும்.